சான்று தருபவர் வீட்டுக் காய்

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், செருப்பெல்லாம் செம்மண். இயற்கை விவசாயத் தோட்டங்களைச் சோதித்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பது தன் வேலை என்றார். தன்னுடைய பிஸ்கட் பொட்டலத்தைக்கூடத் திருப்பி, பின்பக்கம் படித்துவிட்டுத்தான் பிரித்தார். பிறகு என் மடியிலிருந்த பருப்புப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார்.

“ஏனுங்க, முன்னால ‘நேச்சுரல்’னு பெருசாப் போட்டிருக்குது. அது வெறும் வார்த்தைங்க. பின்னால அரசு முத்திரையும் இல்ல, சான்று நம்பரும் இல்லீங்களே.”

எனக்கு அலுப்பாக இருந்தது. மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். அவளுக்காக இயற்கை விளைபொருள்களையே வாங்குவதாகவும், இயற்கைப் பழத்தின் விலை கட்டுபடியாகாமல் பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டதாகவும் சொன்னேன்.

“பழத்தை நிறுத்தாதீங்க சாமி. சந்தையில வாங்கி, நல்லாக் கழுவிக் குடுங்க.”

“உங்க வீட்டுல என்ன வாங்குவீங்க?”

“சந்தைக் காய்தானுங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாமக்கல்லில் இறங்கிக் கொய்யாப்பழம் வாங்கிப் போனேன். வெகு நாளைக்குப் பிறகு மனைவி ஒரு முழுப் பழம் சாப்பிட்டாள்.

ஊர் ஊராய்ப் போய் அடுத்தவர் விளைச்சலுக்குச் சான்று சொல்கிறவர், தன் வீட்டுக்கு அதை ஏன் வாங்குவதில்லை? நம்பிக்கை இல்லையா, கட்டுபடியாகவில்லையா? கேட்டிருக்கலாம். ஆனால் பேருந்து நாமக்கல் சேரும்வரை அவர் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.