நான் கத்தவில்லை

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வேறு ஊர்க்காரர்கள் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். கடற்கரையில் சாவிக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் மணலில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தபோது, ஒரு புத்திசாலி படகிலிருந்த நங்கூரத்தையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நாலு கொக்கி வைத்த நங்கூரம். அதில் ஒரு கொக்கியை அவர் உள்ளங்கைக்குள் திணிக்கப் பார்த்தான்.

காலையில் மீன் ஏலம் போகிற நேரம் அது. ஃபைபர் படகைக் கரைக்கு ஏற்றிவிட்டு, வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குனிந்து நின்ற என் வீட்டுக்காரர் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினார், அப்படியே சாய்ந்துவிட்டார். நான் கூடையோடு பக்கத்தில்தான் நின்றேன். பெண்கள் அலறினார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எம்புள்ள போச்சே" என்று கதறினார். படகுக்காரர் வேறு யாருமில்லை, இவருடைய பெரியப்பா மகன்தான். அவர் இவர் கால்களைப் பிடித்து மணலோடு அழுத்தினார்.

எனக்கு மட்டும் தெரியும், இது மூன்றாவது முறை என்று. முதல் இரண்டும் வீட்டுக்குள் வந்தன. பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, மாத்திரையை விடக்கூடாது, கடலுக்குப் போகவே கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். "வெளிய தெரிஞ்சா எவனும் என்னைப் போட்ல ஏத்த மாட்டான். எனக்கு வேற இன்னா தெரியும், சொல்லு." மாத்திரையை மாமியாரிடம்கூட கேஸ் மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் படகு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வலை இழுக்கும்போது வந்துவிட்டால்? தண்ணீரில் கல் விழுந்த மாதிரி போய்விடுவார்.

கூடையைக் கீழே வைத்தேன். "வுடுங்க மாமா, அமுக்காதீங்க" என்றேன். நங்கூரத்தைப் பிடுங்கித் தூரப் போட்டேன். மீன் வெட்டும் கத்தியையும் ஐஸ் பெட்டியையும் நகர்த்தச் சொன்னேன். துண்டை மடித்து அவர் தலைக்கடியில் கொடுத்தேன்.

"நாக்கக் கட்ச்சிக்கும், கரண்டி எதுனா எடுத்தாங்க" என்றார் ஒருவர்.

"வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது."

மாமியார் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "வாணாம் அத்தே, மூச்சுல போயிடும்" என்று தடுத்தேன். மெதுவாக இவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயோரம் எச்சில் வழிந்து மணலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை என்றால்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்காகப் போனில் மணி பார்த்துக்கொண்டேன். என் குரல் நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

"ஒண்ணும் ஆவாது. இப்ப தன்னால நின்னுடும், பாருங்க" என்றேன்.

நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். யார் எவர் என்று தெரியாமல் விழித்தார். லுங்கி நனைந்திருந்தது, முந்தானையை இழுத்து மூடினேன். அப்போதுதான் கவனித்தேன். அவரை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, எத்தினி தபா வந்துகீது இது?" என்று கேட்டார் படகுக்காரர்.

நான் இவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.

"மொத தபான்னா நீ இப்டி இருந்திருக்க மாட்ட. எங்களுக்கே கை காலு ஓடல. நீ சோறு வடிக்கிறாப்போல எல்லாத்தையும் செய்யிற."

மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்கிட்டயே மறைச்சிட்டியாடி? பெத்தவ நானு!" அழுதார், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மதியமே படகுக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னார். "தம்பி, தப்பா நெனைக்காத. நடுக்கடல்ல உனக்கு எதுனா ஆச்சுன்னா உங்கம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? இனிமே போட்ல ஏறாத." அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் கிளம்பியதும் பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. உள்ளே போய்ச் சட்டியில் இருந்த சோற்றைச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இப்போது அவர் மற்றவர்களின் வலைகளைக் கரையில் உட்கார்ந்து தைக்கிறார். படகுகள் கிளம்பும் நேரத்தில் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொள்வார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். அந்தக் காலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, போன வாரம்வரை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"அன்னிக்கி எல்லாரும் கத்துனாங்க. நீயும் கூட சேந்து ரெண்டு கத்து கத்தியிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"உன்னைப் பாக்கறதா, கத்தறதா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "வேணும்னுதான கத்தாம இருந்த?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "மாத்திர போட்டுக்கினியா?" என்றுதான் கேட்டேன்.