தளபதி வரலாற்றில் அழிக்கச் சொன்ன வரி

இது எனக்கு நடந்தது. கேட்டுச் சிரித்தவர்கள் மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அதை வாங்கிய ஜெர்மன்காரர், தன் மூதாதை தளபதி ஹார்ட்டெனாவின் படத்தை நடு அறையில் மாட்டியிருந்தார். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் பிரஷ்ய மன்னரின் படையில் இருந்தவர். குடும்பத்தார் எழுதிவைத்த அவர் வரலாற்றைத் தமிழாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் ஹட்டனில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்.

பதினைந்து வயதில் படையில் சேர்ந்தார். ஏழாண்டுப் போரில் ஒரு கண் போனது. நாற்பத்தொரு வயதில் தளபதி. மன்னரே பதக்கம் அணிவித்தார். எல்லாம் எழுதினேன். நடுவில் ஒரு வரி வந்தது. படையை விட்டு ஓடிய ஒரு சிப்பாயை, இருநூறு பேர் இரண்டு வரிசையாக நின்று பிரம்பால் அடிக்க, நடுவே நடக்கவைத்துக் கொல்ல உத்தரவிட்டார். சிப்பாயின் பெயர்கூட இல்லை.

ஹோட்டல் முகாமையாளர் நிரோஷன் அதை எடுக்கச் சொன்னார்.

"நடந்ததத்தானே சார் எழுதியிருக்கேன்."

"கெஸ்ட் வர்ற எடம் மிஸ். அந்த வரி வேணாம்."

என் கொள்ளுத்தாத்தா முதுகிலும் கங்காணியின் பிரம்புத் தழும்பு இருந்ததாம். அதையும் யாரும் எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வரியை அழித்தேன். பிற்பகல் 3.40.

பங்களாவில் நான் வேலை செய்த அறையின் ஜன்னல் மூடியிருந்தது. ஆனாலும் அறைக்குள் பனிமூட்டம் இறங்கியது.

3.43. அழித்த வரி கணினித் திரையில் மறுபடி இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

3.46. வெளியே சாவு வீட்டில் தப்பு மேளம் அடிப்பது போல ஒரு சத்தம். தோட்டத்தில் அன்று சாவு எதுவும் இல்லை.

சத்தம் உள்ளே வந்தது. பலகைத் தரையில் பூட்ஸ் கால்கள். எனக்கு இரண்டு பக்கமும்... வரிசையாக...

விஷ்க்.

முதுகு எரிந்தது.

விஷ்க்... விஷ்க்...

யாரும் இல்லை.

பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"பேரச் சொல்லு. எழுதுறேன்."

எல்லாம் நின்றது.

காதருகே மூச்சு...

"யோஹான் க்ரேப்கே."

எழுதினேன். 4.02.

தேநீர் கொண்டுவந்த சமையல்கார மீனம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். என் சட்டை முதுகில் ஏன் கோடு கோடாகக் கிழிந்திருக்கிறது என்று கேட்டார்.

வரியையும் பெயரையும் எடுக்க மறுத்தேன். வேலை போனது. போகட்டும்.

ஜெர்மனியில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டு எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. யோஹான் க்ரேப்கே, வயது இருபத்துமூன்று. 1759 இல் வரிசை நடுவே விழுந்து இறந்தான். அந்தப் பதிவு எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. அந்த ஆவணக் கட்டைப் பிரித்ததே போன மாதம்தானாம்.

இதே பெயரைப் பற்றிக் கேட்டு இந்த நூறு வருடத்தில் வேறு மூன்று கடிதங்கள் வந்து, பதில் இல்லாமல் கிடக்கின்றன என்றும் எழுதியிருந்தார்கள். மூன்று பேர், மூன்று நாடுகள். மூவருமே அந்தத் தளபதியின் வரலாற்றை எழுதியவர்கள்.

கடைசியில் ஒரு கேள்வி.

"உங்கள் நான்கு பேருக்கும் இந்தப் பெயரைச் சொன்னது யார்?"