குணமக்காவின் சக்களத்தி

அடுப்படிக்குள் இருந்து சீராக வந்துகொண்டிருந்த 'தொப், தொப்' சத்தம் சட்டென்று நின்றது. விறாந்தைக் கதிரையில் காலை நீட்டிச் சாய்ந்திருந்த அருளம்பலம் அண்ணை, "அந்தக் குளத்தடியிலை விடியப்புறம் நிண்டால்..." என்று தொடங்கியதுதான் காரணம். பிறகு சத்தம் மறுபடி எழுந்தது. இந்த முறை அது அடி.

"கேட்டியளோ அக்கா?" என்று பஸ் நிலையக் கடை றோய், அயலில் இருந்து வந்திருந்த என் பக்கம் சரிந்து கிசுகிசுத்தான். "இண்டைக்கு வடை சோக்காயிருக்கும்."

பருத்தித்துறையில் தட்டை வடை சுடாத ஒழுங்கை இல்லை. ஆனால் குணலட்சுமி, எங்களுக்கெல்லாம் குணமக்கா, சுடுகிற வடை அவருடைய மனதைப் பார்த்து மாறும். ஊறிய உளுந்தையும் மாவையும் செத்தல் மிளகாய், பெருஞ்சீரகத்தோடு குழைத்து உருட்டி, எண்ணெய் பூசிய தாளில் வைத்து உள்ளங்கையால் தட்டுவார். மனம் ஆறியிருக்கும் நாளில் வடை கொஞ்சம் தடிப்பு, உறைப்பும் மட்டு. கணவர் அருளம்பலம் அண்ணையின் வாயில் குளம் வந்துவிட்டால் போதும், வடை பப்படம் போல மெலிந்துவிடும். கடித்தால் நொறுங்கும், காது வரை எரியும். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கேட்டு வாங்குவது அந்த வடையைத்தான். அதனால் றோய் வடை எடுக்க வரும்போதெல்லாம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, "அண்ணை, உங்கடை குளத்திலை அந்த நீலச் சொண்டு வாத்து இன்னும் நிக்குமோ?" என்று ஒரு கொள்ளியைச் செருகிவிடுவான். அண்ணை பாவம். ஒவ்வொரு தடவையும் அதை உண்மையான விசாரிப்பு என்றே நம்பிக் கதையைத் தொடங்கிவிடுவார்.

குளம் இருப்பது இங்கே இல்லை. கொலம்பியா என்ற தேசத்தில், மேகம் தரையில் நடக்கிற உயரத்தில் இருக்கிறது. முயிஸ்கா என்ற ஆதிக்குடிகளுக்கு அது கோயில். அருளம்பலம் அண்ணை வாலிபத்தில் கப்பல்காரர். அவர் வேலை செய்த கப்பலை முதலாளி அந்த நாட்டுத் துறைமுகத்தில் கைவிட்டுவிட்டுப் போக, கூட வேலை செய்த ஏர்னான் என்பவன் அவரைத் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்த வீடு குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வந்த மனிதர், முடி முழுதாக நரைத்த பிறகும் இன்னும் கீழே இறங்கவில்லை.

"அங்கை முளைக்கிறதைச் செடி எண்டு நினையாதை தங்கச்சி. மனுசர் மாதிரி வரிசையிலை நிக்கும். இலையைத் தொட்டால் முயல்காது போல மெத்தெண்டிருக்கும். பெருவிரல் அளவு குருவி, பூவுக்கு முன்னாலை நிண்ட நிலையிலை பறக்கும். மேலை காட்டுக்குள்ளை கண்ணாடி போட்ட மாதிரி முகத்தோடை கரடி..."

"கரடிக்குக் கண்ணாடி," என்று அடுப்படி பதில் சொல்லும். "இஞ்சை மனுசருக்குக் கண்ணாடி மாத்த வழியில்லை."

அந்தக் குளத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அந்தப் பெயரை அந்த வீட்டில் சொல்லக்கூடாது. குணமக்கா அதை 'உவள்' என்பார். "உவளின்ரை நினைப்பு வந்திட்டுது, இனிச் சோறு இறங்காது." "உவளோடையே இருந்திருக்கலாமே, ஏன் இஞ்சை திரும்பி வந்தனீங்கள்?" மார்கழி வாடைக்காற்றில் அண்ணை பெட்டியைத் திறந்து அங்கிருந்து கொண்டுவந்த, நடுவில் கழுத்துவிட்ட கம்பளிப் போர்வையை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டால், குணமக்கா மூக்கைப் பொத்துவார். "செம்மறி நாத்தம். உவளின்ரை நாத்தம்."

ஒருமுறை தாங்க முடியாமல் அண்ணையை நிலாவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அடி காணமுடியாத கிணறு, இராமர் அம்பு விட்ட இடம் என்று பெயர் பெற்றது. "இப்ப சொல்லுங்கோ. உவளுக்கு அடி இருக்கோ?" அண்ணை எட்டிப் பார்த்தார். "வடிவுதான்," என்றார். அயல்வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சொல்கிற வடிவு அது. வீடு திரும்பும்வரை பஸ்ஸில் குணமக்கா யன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாராம்.

ஊர் இதையெல்லாம் சிரித்துக் கடக்கும். குளத்தைச் சாட்டி யாரோ ஒரு பெண்ணை நினைத்துக் குணமக்கா எரிகிறார் என்று சிலர் கண்ணடிப்பார்கள். அண்ணையின் கல்யாண மோதிரம் அந்த நாட்டில்தான் காணாமல் போனது. "கடலிலை விழுந்திட்டுது" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆனால் என்னிடம் ஒருநாள், வடையை எண்ணெயில் இருந்து வடித்துக்கொண்டே, குணமக்கா வேறொன்றைச் சொன்னார்.

"பொம்பிளை எண்டால் பரவாயில்லை தங்கச்சி. ஏசிப்போட்டு மறந்திடலாம். உவர் அங்கை சந்தோசமாய் இருந்திருக்கிறார். அதைத்தான் என்னாலை பொறுக்க ஏலாது."

அண்ணை கப்பலில் போயிருந்த காலத்தில், பிள்ளைப்பேற்றுக்கென்று சுன்னாகத்தில் தாய்வீட்டில் இருந்தவர் குணமக்கா. மகள் பிரதீபா பிறந்து துடக்குத் தீட்டுக்கூடக் கழியவில்லை. போர் நெருங்கி வந்த அந்த ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு எழும்பி நடந்தது. சனத்தின் முதுகில் சனம் இடித்து, கடல்நீரேரிக்கு மேலான நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் ஊர்ந்தது. பிள்ளையின் தலைக்கு நனையாமல் ஒரு சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தபடி அவர் நடந்தார். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று அன்று தெரியாது. இருந்தார். மலை உச்சியில், நீலச் சொண்டு வாத்தைப் பார்த்துக்கொண்டு.

"நான் பாலத்திலை நிக்கேக்கை உவர் வாத்துப் பாத்தவர். அந்த வடிவை எனக்கே வந்து சொல்லுறார்!"

அண்ணை ஊர் திரும்பி அதைச் சொன்ன நாளில் இருந்து குணமக்காவுக்கு ஒரே பயம். போனால் இந்த மனிதர் திரும்பமாட்டார். ஆகவே அண்ணையின் பாஸ்போட் அலுமாரியில் இல்லை, அடுப்படியில் உளுந்து போட்ட தகரப் பேணிக்குள் இருக்கிறது. சிதம்பரம் போவதற்கென்று புதுப்பித்தார்கள். தரிசனம் முடிந்து வந்த அன்றே குணமக்கா அதை மறுபடி உளுந்துக்குள் புதைத்துவிட்டார். தினமும் உளுந்து அள்ளும்போது விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். இது அண்ணைக்கும் தெரியும். கேட்டதில்லை.

நான் சொல்லத் தொடங்கிய அந்தச் சனிக்கிழமை, றோய் வடையோடு போய் அதிக நேரமாகவில்லை. வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. குட்டையான, மாநிறமான, கன்ன எலும்பு உயர்ந்த ஓர் இளம்பெண் இறங்கினாள். கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது. எங்கள் களப்பில் வந்திறங்கும் பறவைகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டவர் வழக்கமானவர்கள்தான். ஆனால் இவள் வாசலில் நின்று, "அருளம்பலம்?" என்றாள். பஸ் நிலையத்தில் விசாரித்தபோது றோய்தான் வழி காட்டி அனுப்பியிருக்கிறான்.

ஏர்னானின் மகள் அவள். பெயர் மரியேலா.

அண்ணை கதிரையில் இருந்து எழும்பிய வேகத்தில் சாரத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த ஸ்பானியச் சொற்கள் அவர் வாயில் இருந்து தடக்கித் தடக்கி வந்தன. அவள் அழுதாள், சிரித்தாள், நிறையப் பேசினாள். அடுப்படிச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. குணமக்கா மா ஒட்டிய கைகளோடு வாசற்கட்டையில் நின்றார்.

"என்னவாம்?"

"ஏர்னானுக்குச் சுகமில்லையாம். ஒருக்காப் பாக்கவேணுமாம்," என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்து.

"அவள் இவ்வளவு நேரம் கதைச்சவள். நீங்கள் சொன்னது ரெண்டு சொல்." குணமக்கா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ இங்கிலிசிலை கேள். ஒண்டும் மறைக்காமல் எனக்குச் சொல்லு."

நான் கேட்டேன். மரியேலாவின் ஆங்கிலம் என்னுடையதைப் போலவே நொண்டியது. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. தகப்பன் படுக்கையில். பழைய தோழனைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்கிறார். பயணச் செலவு அவர்களுடையது. பாஸ்போட்டைத் தந்தால் கையோடு கொழும்புக்குக் கொண்டுபோய் விசா அலுவலைப் பார்ப்பாள்.

"பாஸ்போட்" என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குணமக்காவின் முகம் இறுகியது.

"முதல்ல உவளைக் காட்டச் சொல்லு," என்றார்.

மரியேலா கைத்தொலைபேசியை நீட்டினாள். பிரதீபா பிறந்த காலத்தில் இருந்து தன்னை எரித்த எதிரியின் முகத்தைக் குணமக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். வட்டமாக, கரும்பச்சையாக, சுற்றிலும் மலை.

"இவ்வளவுதானோ?" குரலில் ஒரு வெற்றி. "எங்கடை தீர்த்தக்கேணியை விடக் கொஞ்சம்தான் பெரிசு. இதுக்கோ உவ்வளவு ஆட்டம்?" கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "இன்னொருக்காக் காட்டச் சொல்லு," என்றார்.

மரியேலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "இவர்தானா அந்தத் தாய்?"

"எந்தத் தாய்?"

அவள் சொன்னதை நான் அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். அந்தக் குளத்துக்குள் இருந்துதான், பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்தபடி, ஆதித்தாய் எழுந்து வந்தாள். அந்த மண்ணை மனிதரால் நிரப்பினாள். கடைசியில் பாம்பாகி அதே தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். இன்றும் அங்கே இருக்கிறாள்.

"பாம்பாயோ?" குணமக்கா திடுக்கிட்டார். நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற கை மாவோடு உயர்ந்து, இரு கன்னத்திலும் படபடவென்று போட்டது. "ஐயோ, தெய்வத்தையோ நான் உவள் எவள் எண்டனான்! ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

மரியேலாதான் தொடர்ந்தாள். அந்த ஐப்பசியில் சனம் தண்ணீர் கடந்து ஓடுகிற செய்தியை வானொலியில் கேட்டுத் தமிழ் மாலுமி பைத்தியம் போல அலைந்தானாம். மனைவி எங்கே, பிள்ளை பிறந்ததா இல்லையா, ஒன்றும் தெரியாது. மரியேலாவின் அப்பம்மா அவனைக் குளத்துக்குக் கூட்டிப்போனாள். பிள்ளையோடு தண்ணீருக்குள் இருந்து கரையேறியவளுக்குத்தான் பிள்ளையோடு தண்ணீரைக் கடக்கிறவளின் பாடு தெரியும், அவளிடம் கேள் என்றாள். கொடுக்கிறதைத் திரும்பி நின்று கொடுக்கவேண்டும். கொடுக்கிற நேரம் குளத்தைப் பார்க்கவும் கூடாது, கொடுத்ததைப் பிறகு வெளியே சொல்லவும் கூடாது. அவன் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றித் தலைக்கு மேலால் எறிந்தான்.

"அதுக்குப் பிறகு அண்ணை ஒவ்வொரு விடியலும் குளக்கரையிலைதான் நிண்டவராம்," என்றேன். "வாத்துப் பாக்கேல்லை அக்கா. பதில் வருமோ எண்டு பாத்தவராம். அந்தக் கிழவி சாகுமட்டும் கேட்டவவாம், அந்தத் தாயும் பிள்ளையும் தண்ணியைத் தாண்டிச்சினமோ எண்டு. அங்கை உங்களைத் தெரியாத ஆள் இல்லையாம்."

சுவரில் பிரதீபாவின் கல்யாணப் படம் தொங்கியது. மரியேலா அதைக் கைகாட்டி ஏதோ கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவள் எழுந்துபோய்ப் படத்தின் கண்ணாடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சொல்லட்டுமா? அந்தக் கணத்தில் எனக்குக் குணமக்கா மேல் பொறாமை வந்தது. எந்தத் தேசத்து எந்தத் தண்ணீருக்குள் எனக்காக ஒருவர் எதை எறிந்தார்?

குணமக்காவின் கண்ணீர் கன்னத்து மாவைக் கோடு கிழித்தது. பிறகு அண்ணையைப் பார்த்தார்.

"அப்ப, மோதிரமும் போட்டாச்சு உவளுக்கு."

"இஞ்சரும் குணம்..."

"கதையாதையுங்கோ! சும்மா சக்களத்தி எண்டு நினைச்சன். தாலி கட்டாத குறைதான்." சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வந்தன. சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டு, மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். மரியேலா அண்ணையின் முகத்தைப் பார்த்தாள். அண்ணை குணமக்காவின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் கேட்காத மனிதர் அன்றும் கேட்கவில்லை. மரியேலா கழற்றி வைத்திருந்த தூரக்கண்ணாடியை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள்.

குணமக்கா அடுப்படிக்குள் போனார். பேணி மூடி கழலுகிற சத்தம். உளுந்து சரசரவென்று விலகுகிற சத்தம். அண்ணை கதிரைக் கையை இறுகப் பிடித்தார்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் சூடு ஆறாத வடைப் பொதி. மற்றக் கையில், மடிப்பெல்லாம் உளுந்துத் தூள் படிந்த பாஸ்போட்.

"தங்கச்சி, வடை தகப்பனுக்கு எண்டு சொல்லு. உறைப்புத்தான், தண்ணியோடை தின்னட்டும். மற்றது இரவல். விளங்கிச்சோ? நான் குடுக்கேல்லை, இரவல் தாறன். மார்கழி வாடை எழும்ப முன்னம் ஆளைத் திருப்பி அனுப்பிப்போட வேணும். அவவுக்கும் சொல்லிவிடச் சொல்லு."

அவ என்றால் யார் என்று மரியேலா கேட்கவில்லை. வடைப் பொதியை வாங்கிக்கொண்டு வாசற்படியில் இறங்கி நின்றாள்.

குணமக்கா அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பாஸ்போட்டைப் பின்னால் நீட்டினார். கண் அருளம்பலம் அண்ணையின் முகத்தை விட்டு அசையவில்லை. மரியேலா இரண்டு கைகளாலும் அதை ஏந்திக்கொண்டாள். ஓட்டோ புறப்படும் சத்தம் கேட்டது. குணமக்கா திரும்பிப் பார்க்காமலே, வெறுமையான அந்தக் கையால் பின்புறம் தடவித் தடவிக் கதவைத் தேடிப் பிடித்துச் சாத்தினார்.