உலர்த்தியவர்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, உலர்த்தும் மின்னடுப்பான அவணைத் திறந்து கண்ணாடித் தட்டை வெளியே எடுத்தேன். முதல்நாள் பஞ்சுபோல் ஊறிக் கிடந்த புகையிலைத் தண்டின் நார் சுருங்கி, காய்ந்த கடலைபோல் இறுகியிருந்தது. பக்கத்தில் நின்ற அண்ணை ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். டக்கென்றது.

"போச்சு தங்கச்சி," என்றார்.

அண்ணை எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். நான் ஆய்வு உதவியாளர். வலிகாமத்துத் தோட்டங்களில் இலை வெட்டிய பின் எரித்துவிடும் புகையிலைத் தண்டைக்கொண்டு கிணற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்தலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் சுவர்களையும் சேர்த்து மேற்பரப்பை அளந்தால்தான் அது எவ்வளவு அழுக்கைப் பிடிக்கும் என்று மதிப்பிடலாம். அளக்கும் கருவி எங்களிடம் இல்லை, மாதிரியை வெளிநாட்டுக்குத்தான் அனுப்பவேண்டும். அனுப்புமுன் ஈரம் முழுதும் போகவேண்டும். எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

உறையவைத்து உலர்த்தும் இயந்திரம் பழுதாகி மாதக்கணக்காகியிருந்தது. அண்ணை முதலே சொன்னார்: "அவணுக்கை வைச்சால் ஓட்டையெல்லாம் ஒட்டிப்போகும். தண்ணி சும்மா போகாது, சுவரையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அற்ககோலிலை நாலைஞ்சு தரம் கழுவித் தண்ணியை மாத்திப்போட்டு, ஆறுதலாக் காயவிடுவம்." நானும் அதையே வாசித்திருந்தேன். ஆனால் அற்ககோல் என்ற எரிசாராயம் கேட்டு எழுதிய கடிதம் பொறுப்பாளரான சேரின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. "கெதியா அவணுக்கை வையுங்கோ. உவருக்கு என்ன தெரியும்?" என்று அண்ணையைக் காட்டிச் சொன்னார் சேர். அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அவணில் காய்ந்த அந்த நாரையே அனுப்பி, முடிவு வந்தபோது மேற்பரப்பு என்று சொல்ல ஏதுமில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், "உவர் ஒழுங்காக் காயவைக்கேல்லை," என்றார் சேர். அண்ணை என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அவருக்கு அப்போது எழுந்த கோபம் எனக்குத் தெரியும். என்மேல் எனக்கு எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

செய்முறை வகுப்பில் மிஞ்சிய அற்ககோலை ஒரு போத்தலில் சேர்த்து, அண்ணை இன்னொரு பிடி நாரைத் தன் முறையில் உலர்த்தினார். மூன்று நாளாக அவரே கழுவினார், அவரே மாற்றினார். கையில் எடுத்தால் பாரமே தெரியாத அந்த நாரை அடுத்த பொதியில் வைத்து அனுப்பினேன். அதன் முடிவு வருமுன் அவரைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். முடிவு முன்னதைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்தது. சேர் கட்டுரை எழுதினார். அதில் "மாதிரிகள் உலர்த்தப்பட்டன" என்று ஒரே ஒரு வரி.

ஆண்டுகள் போயின. போன மாதம், எப்படி உலர்த்தினீர்கள் என்று கேட்டு வேறொரு மாவட்டத்து ஆய்வாளர் எழுதியிருந்தார். சேர் அதை எனக்கு அனுப்பினார். நான் அண்ணையின் வீடு இருக்கும் கொக்குவிலுக்குப் போனேன். வீட்டு வளவுக்குள் தண்ணீர் மோட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணை, என்னைக் கண்டதும் கேட்டது இதைத்தான்:

"கடைசியா அனுப்பினதுக்கு என்ன வந்தது?"

அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நானும்தான். சொன்னேன். மோட்டரை விட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

"அண்டைக்குக் கூட்டத்திலை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தங்கச்சி."

"ஓம் அண்ணை."

பிறகு அவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பதில் மடலில் உலர்த்தியவர் என்று அவருடைய முழுப் பெயரையும் போட்டு, சேருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மறுநாள் காலை தொலைபேசியில் சேர்.

"உதுக்கு இப்ப என்ன அவசியம்?"

"அவர்தான், சேர், காயவைச்சவர்," என்றேன்.

இவ்வளவு சின்ன வசனம். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.