துருத்தியை விட்ட கை

கட்டைவிரல் கனத்தில் ஓர் ஈயக் குண்டு, கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்துப் பலகையில் சிவப்பு மையால் இழுத்த ஒரு கோடு. தென்காசியில் எங்கள் வேதக்கோயிலின் ஆர்கன் பெட்டிக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடத்தில், பதினெட்டு வயதிலிருந்து நான்கு வருஷம் நான் பார்த்துக்கொண்டு நின்றது இந்தக் குண்டைத்தான். முன்னால் உட்கார்ந்து ஜெர்மன் துரை வாசிப்பார். பின்னால் நின்று நான் துருத்தியின் கைப்பிடியை ஏற்றி இறக்குவேன். துருத்தியில் காற்று நிறைந்தால் குண்டு கீழே வரும். காற்று குறையக் குறைய மேலே ஏறும். சிவப்புக் கோட்டை அது தாண்டிவிட்டால் பெட்டி ஒரு முனகல் முனகி ஊமையாகிவிடும். என் கையில் இருந்தவரை வாசிப்பின் நடுவே அது ஒரே ஒரு தடவைதான் கோட்டைத் தாண்டியது. அந்த ஒரு தடவையைத்தான் சபை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது.

துரையின் அப்பாவும் தாத்தாவும் அவர்கள் ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசித்தவர்களாம். அவரும் பத்து வயதில் அந்த ஆர்கன் முன் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, நம் ஊர்ப் பாட்டுகளை ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று கப்பல் ஏறி வந்தவர். சபையில் வாசிப்பது அவருக்குச் சோறு, பாட்டு எழுதி எடுப்பது அவருக்கு உயிர். ஆர்கனை மரப்பெட்டி மரப்பெட்டியாக ரயிலில் கொண்டுவந்து, குழாய் குழாயாகத் தன் கையாலேயே பூட்டினார். சாரல் காலத்தில் மரம் ஊறிக் கட்டைகள் இறுகிக்கொள்ளும். சட்டியில் கரி நெருப்புப் போட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வேது கொடுப்பதுபோல் அதற்குச் சூடு காட்டுவார். அந்தப் பெட்டியில் ஒரு குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, முகம் சிவந்துபோகும்.

எங்கள் ஊர் இலஞ்சியில் நாங்கள் நாலைந்து பேர் நெல் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார். ஒருத்தி உலக்கை மட்டும் முன்னே பின்னே விழாமல் ஒரே அளவாக விழுகிறது என்று சொன்னார். அது என் உலக்கை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். துருத்தியை வெடுக்கென்று இழுத்தால் குழாய் அழும், சோம்பி இழுத்தால் மூச்சு வாங்கும். என் கைக்கு அது படிந்தது. நடவுக்குப் போகும்போது பெண்கள் கேலி பேசுவார்கள். "ஏட்டி, துரை வெரல ஆட்டுதாரு, மூச்சு நீல்லா விடுத! பேரு யாருக்கு?" என்பாள் ஒருத்தி. "எனக்குத்தாம்டி. நான் கைய விட்டா அவரு சும்மா பலகையத் தட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்பேன். விளையாட்டாகச் சொன்னது.

சாரல் மாதங்களில் துரை குற்றாலத்து பங்களாவில் தங்குவார். அருவிச் சத்தம் கேட்கிற தாழ்வாரத்தில் பெண்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லி, ஐந்து கோடு போட்ட காகிதத்தில் புள்ளி புள்ளியாக எழுதுவார். நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் கொடுத்தோம். நான் துருத்திக்கு வந்த மூன்றாவது வருஷம் என் அம்மா காய்ச்சலில் போனாள். அம்மா தன் தாய்க்குப் பாடிய ஒப்பாரி ஒன்று உண்டு. ராகம் அவளாகப் போட்டது. நடுவில் ஓர் இடத்தில் ஏறப்போகிற குரல் ஏறாமல் மடங்கிவிடும். சின்னப் பிள்ளையில் ஒரே தடவை கேட்டது, எனக்குள் அப்படியே இருந்தது. என் தங்கச்சி அப்போது பிறக்கவே இல்லை. அம்மாவின் அடக்கத்தன்று நான் வாயைத் திறந்ததும் கோயில் உபதேசியார் கையமர்த்திவிட்டார். வேதக்காரர் வீட்டில் ஒப்பாரி கூடாது என்றார். பாடாத ஒப்பாரி நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஒரு நாள் பங்களாவில், மற்றப் பெண்கள் போன பிறகு, துரையிடம் அதைப் பாடிவிட்டேன். அழுதுகொண்டே பாடினேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவு வீட்டைத் தவிர வேறு எங்கேயும் அந்த ராகம் எழும்பக் கூடாது, எழும்பினால் அந்த இடம் விளங்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் பைபிள் தமிழில்தான் பேசுவார். "இது உம்முடைய தாயாருடையது. காகிதத்தில் மாத்திரம் இருக்கும். இதன்மேல் நான் விரல் வைக்கமாட்டேன்" என்றார். நம்பினேன்.

மறு வருஷம் தங்கச்சிக்குக் கல்யாணம். அம்மா இல்லாத வீடு, நான்தான் நின்று நடத்தினேன். ஆனாலும் துருத்தியை வேறு ஆளிடம் கொடுக்க மனசில்லை. புதுச் சேலையோடு பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பக்கத்து இடுக்கு வழியாக வாசல் தெரியும். தங்கச்சி மல்லிகைப் பூவும் வெள்ளைச் சேலையுமாக உள்ளே அடி எடுத்து வைத்தாள். துரை வாசிக்கத் தொடங்கினார். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நாலைந்து குரலாக அடுக்கி, மெல்ல, ரொம்ப அழகாக வந்தது. பிறகு குரல் ஏறப்போய் ஏறாமல் மடங்கியது. என் அம்மா அந்த இடத்தில்தான் மார்பில் கை வைத்தாள்.

தாய் இல்லாத பெண்ணுக்குத் தாயின் பாட்டையே துணைக்கு அனுப்புகிறோம் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் ஊரில் அது பெரிய மரியாதையாக இருக்கலாம். கடைசி வரிசையில் இருந்த ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சொன்னது எனக்குக் கேட்டது. "என்னட்டி இது, இழவு வீட்டு ராகம் மாதிரில்லா இழுக்காரு?" பாட்டு இன்னும் இரண்டு அடி போனால் எல்லாருக்கும் விளங்கிவிடும். தங்கச்சி பாதி வழியில் இருந்தாள். நான் கையை எடுத்தேன். குண்டு ஏறியது. கோட்டைத் தொட்டது. தாண்டியது. பெட்டி முனகி அடங்கியது. கோயிலே திகைத்து நிற்க, உபதேசியார் சட்டென்று கல்யாணக் கீர்த்தனை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சபை பாடத் தொடங்கியது. தங்கச்சி அந்தப் பாட்டில் நடந்து போய் மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

துரை எழுந்து பெட்டியைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றேன். ஏன் நிறுத்தினேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது, அதை அவர் முகத்தில் கண்டேன். கல்யாணம் முடிந்து வாசலில் சபைப் பாதிரி ஐயர், "என்ன துரை, ஆர்கனில் ஏதும் கோளாறா?" என்று கேட்டார். சபையே நின்றது. துரை பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆர்கனில் ஒரு பழுதும் இல்லை. துருத்தி போடுகிறவள் உறங்கிப்போனாள்" என்றார். அதுவரை என்னை நீர், உம் என்று மரியாதையாகப் பேசியவர். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. "யக்கா, என் கல்யாணத்துல கூடவா உனக்கு உறக்கம் வந்துட்டு?" என்றாள்.

அவளிடம் என்ன சொல்ல? உன் கல்யாணத்தில் நம் அம்மாவின் ஒப்பாரி வாசித்தார்கள் என்றா? வாழப்போகிற பெண்ணிடம் அதைச் சொன்னால், ஒவ்வொரு தலைவலிக்கும் ஒவ்வொரு குறைப்பிரசவத்துக்கும் அதையே நினைத்துச் சாவாள். வாயை மூடிக்கொண்டேன்.

மறு வாரம் நான் போகவில்லை. துரை பூட்சும் சேறுமாக இலஞ்சிக்கு வந்து வரப்பில் நின்றார். நாற்றுக்கட்டைக் கீழே போடாமலேயே பேசினேன்.

"திரும்ப வாரும். மற்றவன் கையில் ஆர்கன் திணறுகிறது" என்றார்.

"நான் உறங்கலைன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லுங்க, வாரேன். பாட்டக் காட்டிக்கொடுக்க வேண்டாம். பெட்டி மக்கர் பண்ணிட்டுன்னு சொன்னாப் போதும்."

"பெட்டியில் பழுது இல்லையே" என்றார்.

"எனக்கும் உறக்கம் இல்லையே துரை. அப்பம் அந்தப் பெட்டியவே மூச்சு விடச் சொல்லுங்க."

கூட நட்டவர்கள் கொல்லென்று சிரித்தார்கள், விவரம் தெரியாமல். அவர் போய்விட்டார். அடுத்து வெள்ளைக்காரர்களுக்குள் சண்டை மூண்டது. ஜெர்மன்காரர் என்று போலீஸ் அவரை ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ அடைத்தது. சண்டை முடிந்து தன் நாடு போய்ப் பெரிய வாத்தியார் ஆனார், புத்தகம் போட்டார் என்று கேள்வி. பிறகு வந்த ஓர் ஐயர் அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினார். "ஆச்சி, இதக் கேட்டிருக்கியளா?" என்றார். ஏறாமல் மடங்குகிற அந்த இடம் வந்தது. "கேட்டதில்ல ஐயா" என்றேன். தங்கச்சி உயிரோடு இருந்தாளே.

செங்கோட்டையில் பிள்ளைகுட்டியோடு நன்றாகவே வாழ்ந்தாள். தன் மகள் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும், "இன்னைக்காவது முழிச்சிருப்பியா யக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. போன மாதம் அவளை அடக்கம் செய்தோம். இப்போது ஒப்பாரி வைத்தால் கையமர்த்த யாரும் இல்லை. அம்மாவின் ராகம் தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் துரையின் விரல் பட்ட ஞாபகமும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் போன பிறகு, ஆர்கனுக்குப் பின்னால் போனேன். இப்போதெல்லாம் கரண்டுப் பெட்டிதான் வாசிக்கிறார்கள், இதைத் தொடுவாரில்லை. சிவப்புக் கோடு வெளுத்திருக்கிறது. குண்டு உச்சியில் நின்றது. கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏற்றி இறக்கினேன். துருத்தியில் எலி கடித்த ஓட்டை இருக்கும்போல, காற்று சீறியது. ஆனாலும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கோட்டுக்குக் கீழே வந்தது. கையை எடுத்தேன். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, அது மேலே ஏறிக் கோட்டைத் தாண்டும் வரைக்கும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் இப்படித்தான் நின்றேன்.