ஆளுக்கொரு காரணம்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஜாதகம் கிடையாது. நான் பிறந்த தேதி ஞானஸ்நானப் பதிவில் இருக்கும். நேரம் எங்கும் இல்லை. அது ஒரு குறை என்று முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது.

நான் விரும்பியவர் சாத்தான்குளத்துக்காரர். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்கோடி மாடியறையில் ஒரு நண்பரோடு தங்கியிருந்தார். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போகவும், அவர் வேலைக்குப் போகவும் ஒரே நிறுத்தம்தான். அவர் அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்று, வந்த பேருந்தைப் பலமுறை போகவிட்டிருக்கிறார்.

கல்யாணம் என்று தீர்மானித்து இருவரும் வீட்டில் சொன்னோம். அவருடைய அம்மா, "ஜாதகமே இல்லாத பிள்ளைக்கு எதை வச்சுய்யா பொருத்தம் பாக்க? நம்ம விதியில இது இல்லய்யா" என்றார்களாம். என் அப்பா கோபப்படவில்லை. சில நாள் ஜெபித்துவிட்டு வந்து, "கர்த்தருக்குச் சித்தமில்லம்மா. எனக்குச் சமாதானம் வரல" என்றார். பையன் சபைக்கு வெளியே உள்ளவன் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

இதை நிறுத்தத்தில் வைத்துச் சொன்னபோது அவர் சிரித்தார். "ரெண்டு வீட்டுலயும் ஒண்ணத்தான் சொல்லுதாவ. நாம பதிவு பண்ணிக்கிடுவோம். பிறகு பையப் பைய எல்லாம் சரியாயிரும்."

பதிவுத் திருமணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அப்போது ஒரு சாயங்காலம், நண்பரின் பைக்கில் மழையோடு திரும்பி வந்தவர், நாற்கரச் சாலையோரம் விளக்குப் போடாமல் நின்ற லாரியின் பின்னால் மோதினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

சாத்தான்குளத்துக்குத் தனியாகப் போனேன். பந்தலுக்குள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். யாரோ ஒரு பெரியவர், "கம்பெனில இருந்து வந்திருக்காவ. சேர் எடுத்துப் போடுலே" என்றார். தொழிற்சாலை ஆட்களோடு உட்கார்ந்தேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். கம்பெனியிலிருந்து வந்தவள் எவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா, "கர்த்தர் உன்னய முன்னாலயே தடுத்துக் காப்பாத்தியிருக்காரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதன் பிறகு அவரோடு ஒரே மேசையில் சாப்பிட என்னால் இயலவில்லை. இப்போது அப்பாவும் இல்லை. அதே வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஒரு டம்ளர் அரிசி போடுவேன். அதுவும் மிஞ்சும். மத்தியானம் தெருவே தூங்கும்போது ரேடியோவைப் போட்டுவிட்டு, கேட்காமல் உட்கார்ந்திருப்பேன்.

துயரத்தில் முடிந்த காதலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு விதி என்ற சொல் பெரிய ஆறுதல். யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஆகிவிடுகிறது அல்லவா? எனக்கு மட்டும் அது வாய்க்கவில்லை.

போன வருஷம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்தார். அவருடைய அக்கா. தம்பியின் செல்போனில் என் படத்தைப் பார்த்திருக்கிறார்.

"நீதானம்மா அது?"

"நான்தான்." முறைப்படி மதினி என்று கூப்பிட்டிருக்க வேண்டியவர். அக்கா என்றுதான் வாயில் வந்தது.

அவர் கண் கலங்கியது. "அவன் தலையெழுத்தும்மா. அம்புட்டுதான்னு எழுதியிருக்கு."

"இல்லக்கா. லாரிக்காரன் லைட்டப் போடாம நிறுத்தியிருந்தான்."

என் முகத்தையே பார்த்தார். "அப்படிச் சொல்லாதம்மா. பிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

அவருடைய பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது. நடத்துநர் விசில் ஊதும்வரை நான் விடவில்லை.