தலைவர் இப்போது பேசுவார்

மைக் அக்கா யாரையும் "வாங்க, வாங்க" என்று கூப்பிட மாட்டாள். புதிதாக மைக் பிடிப்பவர்கள் செய்கிற வேலை அது. எல்லாரையும் கூப்பிட்டால், கூப்பிடுவது வேறு யாரையோ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள் என்பாள். அவள் ஒரே ஓர் ஆளைத்தான் பிடிப்பாள். "நீலச் சட்டை அண்ணா, அந்தக் குக்கர் மூடியை அப்படித் திறக்காதீங்க!" நீலச் சட்டைக்காரர் திடுக்கிட்டுக் கையை எடுப்பார். அவருக்கு என்ன ஆச்சு என்று பார்க்க முப்பது பேர் கூடுவார்கள். அந்த முப்பது பேரைப் பார்த்து இன்னும் நூறு பேர். அதற்குப் பிறகுதான் குக்கரைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பாள், அதுவும் குரலைத் தாழ்த்தி. குரல் தாழ்ந்தால் கூட்டம் நெருங்கி வரும்.

பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரம் சொல்லிக்கொண்டிருந்தவள். அங்கிருந்து ஒரு துணிக்கடை வாசலுக்கு வந்தாள். வாசலிலிருந்து கண்காட்சி அரங்குகளுக்கு. வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி எங்கே நடந்தாலும் மேடையில் அவள் நிற்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். ஒரு கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தால், "அந்த மிக்ஸி கடைப் பக்கம் ரொம்ப நெரிசல், தயவு செஞ்சு இப்போ போகாதீங்க" என்று அறிவிப்பாள். அடுத்த நிமிடமே அங்கே உண்மையாகவே நெரிசலாகிவிடும்.

வீட்டிலும் அந்தக் கண் தூங்காது. தொலைக்காட்சி விவாதத்தைப் பார்க்கும்போது கணவருக்கு நேர்முக வர்ணனை கொடுப்பாள். "இப்போ பாருங்க, கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டான். கேட்டவன் யாருன்னு கேப்பான்." அவன் அதையேதான் கேட்பான். செய்தித்தாளைப் பிரித்தால் விளம்பரத்தில் விரலை வைப்பாள். "'மருத்துவர்கள் பரிந்துரைக்கும்'னு போட்டிருக்கான். எந்த மருத்துவர்? பேரு இருக்கா?" கணவர் பாவம், பல்பொடி வாங்கக்கூடப் பயப்படுவார். மகள் ஒருத்திதான் அசையாதவள். அம்மா குரலைத் தாழ்த்தினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். "அம்மா, என்கிட்ட வியாபாரம் பண்ணாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அந்த மகளும் அன்று அதே அரங்கில் இருந்தாள். கல்லூரி விடுமுறைக்கு, கடைக்கோடி மூலையில் தரை துடைக்கும் மாப் விற்கும் கடையில் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னலே இல்லாத பெரிய அரங்கு; உள்ளே இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. தோளில் குழந்தை, கையில் பை, நடுவில் தள்ளுவண்டி. மேடையில் அக்கா நல்ல உற்சாகத்தில் இருந்தாள்.

அப்போதுதான் அவளுடைய கொழுந்தன் மேடையேறி வந்தான். அரங்கின் மின்வேலை முழுக்க அவன் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவன், எதற்கும் பதறாதவன். அன்றும் அவன் பதறவில்லை. ஆனால் நெற்றி முழுக்க வியர்வை.

"அண்ணி, சிரிச்ச முகமாவே கேளுங்க. எல்லாரும் உங்களைத்தான் பார்க்குறாங்க."

அக்கா மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தாள். "சொல்லு தம்பி."

"கீழே கேபிள் அறையில புகையுது. ஒயரெல்லாம் உருகிக்கிட்டிருக்கு. தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டேன்."

"மெயினை அணைச்சுடேன்!"

"அணைச்சா இங்க கும்மிருட்டு. இத்தனை பேரு இருட்டுல என்ன பண்ணுவாங்க? நீங்க ஆளுங்களை வெளியே அனுப்புங்க, கடைசி ஆள் போனதும் அணைக்கிறேன்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கால் மணி நேரம்னு நினைக்கிறேன். என் நினைப்பை ரொம்ப நம்பாதீங்க."

சிரிப்பு அவள் முகத்தில் ஒட்டவைத்தது போல் நின்றது.

தீ என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? முன்பு வேறோர் அரங்கில் ஒரு பல்பு வெடித்தது. அவ்வளவுதான் விஷயம். எவனோ ஒருவன் "தீ!" என்று கத்தினான். நான்கு வாசல்கள் திறந்து கிடந்தும், எல்லோரும் தாங்கள் உள்ளே வந்த ஒரே வாசலுக்குத்தான் ஓடினார்கள். அன்றும் மைக் அவள் கையில்தான் இருந்தது. "ஓடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கூட்டத்தின் காதில் "ஓடு" மட்டும்தான் விழுந்தது. கைப்பிடிச் சுவர் உடைந்து எத்தனை பேருக்குக் கால் முறிந்தது என்று அவள் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை, கேட்கத் தைரியமில்லை.

வெளி மைதானத்தில் இலவசப் பரிசு என்று அறிவித்தால்? வாய்வரை வந்ததை விழுங்கினாள். இலவசத்துக்கு ஓடுகிறவன் தீக்கு ஓடுகிறவனைவிட மோசமாக இடிப்பான். இழுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியும், திருப்பத் தெரியும். ஆனால் இரண்டாயிரம் பேரை அவசரமில்லாமல், சந்தேகமில்லாமல், நடக்கவைத்து வெளியே அனுப்ப எந்தச் சொல் இருக்கிறது? இத்தனை வருடப் பேச்சில் அப்படி ஒன்று சிக்கவில்லை.

மேடைப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வியாபாரிகள் சங்கத் தலைவர், கையில் மடித்த தாள்களோடு வந்துகொண்டிருந்தார்.

அக்காவின் கண் விரிந்தது.

தலைவர் பிளாஸ்டிக் வாளி தயாரிப்பவர். நல்ல மனிதர். ஒரே குறை, பேசுவார். திறப்பு விழாவன்று முக்கால் மணி நேரம் பேசினார். முடிக்கும்போது மேடைக்கு முன்னால் நாற்காலிகள் மட்டும் மரியாதையாக உட்கார்ந்திருந்தன. கடைக்காரர்கள் அக்காவிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். "இன்னொரு தடவை அவர் கையில மைக்கைக் கொடுத்துடாதே தாயி. பிழைப்பே போயிடும்." மூன்று நாளாக அக்கா அவரை நயமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்; அதற்குள் அந்தத் தாள்களை அவர் அவளிடம் இரண்டு தடவை படித்தே காட்டியிருந்தார்.

"சார்! உங்க பேச்சு. இப்பவே ஆரம்பிங்க" என்றாள்.

தலைவர் ஆச்சரியப்பட்டார். "இப்பவா? கடைசி நாள்ல வெச்சாதான் எடுப்பா இருக்கும்னு நீதானேம்மா சொன்னே?"

"இன்னிக்குக் கூட்டம் அருமையா இருக்கு சார். உங்களை மாதிரி அனுபவசாலி ஒருத்தர்..."

"என்னம்மா திடீர்னு இப்படிப் புகழ்றே?" அவர் மூக்கை உறிஞ்சினார். ஆலையிலேயே வாழ்ந்த மூக்கு. "ஒயர் கருகுதே! மைக்கைக் கொடு, எல்லாரையும் வெளியே போகச் சொல்றேன்."

அக்கா மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இனி பூச்சு வேலைக்கு நேரமில்லை. "சொன்னா மிதிச்சுக்குவாங்க சார். நீங்க சும்மா பேசுங்க. நீங்க பேசினாலே கலைஞ்சுடுவாங்க."

"என்ன?"

"திறப்பு விழாவுல பார்த்தேன் சார். யாரும் ஓடல, யாரும் இடிக்கல. கொட்டாவி விட்டுக்கிட்டு, குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு, கதை பேசிக்கிட்டே நடந்து போனாங்க. அவ்வளவு அழகா ஒரு கூட்டம் கலைஞ்சு நான் பார்த்ததே இல்ல."

தலைவர் முகத்தில் ரத்தமே இல்லை. கொழுந்தன் தரையைப் பார்த்தான். வெளியே கேட்காத ஏதோ ஒன்று அந்த மேடையில் உடைந்தது போலிருந்தது.

"அவ்வளவு மோசமாவா பேசறேன்?"

"சார், இன்னிக்கு அதுதான் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். தாள்களைப் புரட்டினார். "இதுல ரொம்ப மோசமான இடம் எது?"

"வரி விகிதம் சார்."

"சரி. அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்."

கொழுந்தன் பக்கவாட்டு வாசல்களைத் திறக்கப் பாய்ந்தான். அவற்றின் முன்னால் கடைக்காரர்கள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை இழுத்துத் தள்ளினான். அக்கா மைக் சுவிட்சைப் போட்டாள். "அன்பான பொதுமக்களே, நம்ம சங்கத் தலைவர் இப்போ பேசுவார். விரிவாகப் பேசுவார்."

'விரிவாக' என்ற சொல்லுக்கே முன்வரிசையில் இருவர் எழுந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். மூலப்பொருள் மீதான வரி, அதன் மீதான கூடுதல் வரி, அதில் திரும்பக் கிடைக்கும் பங்கு. அரங்கு மெல்ல நெளிந்தது. தள்ளுவண்டிகள் திரும்பின. "போலாமா?" என்று கணவன்மார் மனைவியரைப் பார்த்தார்கள். தலைவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா இடையே புகுந்தாள், சாதாரணமாகச் சொல்வது போல: "பக்கத்து வாசல் ரெண்டும் திறந்தாச்சு, வெளியே நல்லா காத்து வருது. தலைவர் தொடர்வார்." கூட்டம் மூன்றாகப் பிரிந்து வழிந்தது. ஒருவரும் இடிக்கவில்லை. அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து மகள் மேடைக்கு வந்தாள். "அம்மா, என்ன ஆபத்து?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மூணு நாளா அவரை ஏய்ச்சே. இன்னிக்கு நீயே மைக்கைக் கொடுத்துட்டே. ஊரே கவிழ்ந்தாலொழிய நீ அப்படிச் செய்ய மாட்டே."

"கீழே தீ. கடைக்காரங்க பொருளை விட்டுட்டு வர மாட்டாங்க. ஒவ்வொருத்தர் காதுலயும் மெதுவா சொல்லு."

பிறந்ததிலிருந்து முதல் முறையாக, எதிர்க்கேள்வி கேட்காமல் மகள் போனாள்.

பாதி அரங்கு காலியாகியிருந்தது. அப்போது தலைவர் தாள்களின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். நடுவிலிருந்து ஆரம்பித்த வினை. புரட்டினார்; ஒன்றுமில்லை. நின்றார். மேடைப் பலகையின் இடுக்கில் மெல்லிய புகை ஒன்று எழுந்தது. அதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தாளைக் கீழே வைத்தார்.

"நான் செஞ்ச முதல் வாளியை ஒரு அம்மா வாங்கினாங்க" என்றார். குரல் வேறாக இருந்தது. "அன்னிக்கு எனக்குப் பெருமை தாங்கல. மறுநாள் காலையில கடை வாசல்ல அந்தம்மா. கையில வாளி, அதுல பாதித் தண்ணி. 'நீ வித்தது வாளியா, சல்லடையா? குழாயடியிலேருந்து உன் கடை வரைக்கும் தெருவுக்கே தண்ணி தெளிச்சுட்டு வந்திருக்கேன், வந்து பாரு'ன்னாங்க. எட்டிப் பார்க்குறேன், தெரு பூரா ஈரம். சனம் பூரா சிரிக்குது."

அரங்கும் சிரித்தது. வாசலை நெருங்கியவர்கள் திரும்பினார்கள். கிளம்பிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் இரண்டடி மேடைப் பக்கமாகவே வந்தார்.

தலைவர் அதைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டம் அவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. அவர் முகம் மலர்ந்தது. "நான் என்ன பண்ணேன் தெரியுமா?" என்றார். அரங்கே காதைத் தீட்டியது.

அருமையாகப் பேசுகிறாரே, பாவி மனுஷன்! அக்கா அவர் பக்கத்தில் குனிந்தாள். "சார், நிக்கிறாங்க. எல்லாரும் நின்னுட்டாங்க."

"ஆமா" என்றார் அவர், கனவில் இருப்பவர் போல.

"சார். நன்றியுரை. முதல் பக்கம்."

தலைவர் நிமிர்ந்தார். அந்தத் திரும்பிய முகங்களை இன்னொரு தடவை பார்த்தார், பசித்தவன் தட்டைப் பார்ப்பது போல. பிறகு குனிந்து முதல் பக்கத்தை எடுத்தார். எல்லா உயிரும் போன குரலில் வாசித்தார்: "இக்கண்காட்சி சிறப்புற நடைபெற ஒத்துழைப்பு நல்கிய துணைத் தலைவர் அவர்களுக்கும், இணைச் செயலாளர் அவர்களுக்கும், முன்னாள் பொருளாளர் அவர்களுக்கும்..."

தள்ளுவண்டி நகர்ந்தது. தோளில் குழந்தை வைத்திருந்தவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தலைவர் ஒரு பொறுப்பாளரையும் விடவில்லை. புகை முழங்கால் உயரம் வந்தும் நிறுத்தவில்லை. கடைசியாக மாப் கடைக்காரரை மகள் இழுத்துக்கொண்டு போனதும் அக்கா அவர் கையைப் பிடித்தாள். இருவரும் இருமிக்கொண்டே வெளிச்சத்துக்கு வந்து விழுந்தார்கள். பின்னாலேயே கொழுந்தன் ஓடிவந்து, "மெயினை அணைச்சுட்டேன்" என்றான். அரங்கின் வாசல் கறுத்தது.

அப்போதுதான் காற்றுத் துவாரங்களிலிருந்து புகை திரளாக எழுந்தது. மைதானம் முழுக்க ஒரே கூச்சல். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு நுழைந்தது. தலை எண்ணிப் பார்த்தவர்கள், குழந்தைகளைக் கட்டிக்கொண்டவர்கள், இரண்டு தடவை எண்ணியவர்கள். ஒருவர் அக்காவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "தீன்னு தெரிஞ்சும் சொல்லாம ஏமாத்தினியாம்மா?"

"ஆமாண்ணா, ஏமாத்தினேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க என்னைத் திட்ட நின்னிருப்பீங்களோ என்னமோ."

அவர் அரங்கைப் பார்த்தார், தன் மகன் தலையைத் தடவினார்.

தலைவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கரி. தனியாக, தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று அக்கா யோசித்தாள். ஆயிரம் சொற்கள் கைவசம் இருந்தன. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

அதற்குள் தோளில் குழந்தை வைத்திருந்தவர் அவர் முன்னால் வந்து நின்றார். "சார், அந்த வாளி. அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"எது?"

"பாதியில விட்டுட்டு நன்றி சொல்லக் கிளம்பிட்டீங்களே. அந்தம்மா தண்ணியோட நிக்குறாங்க, சனம் சிரிக்குது. அப்புறம்?"

பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். "ஆமா சார், சொல்லுங்க." ஒரு அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு உட்காரவே உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் அவர்களைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "இப்போ பேசலாமாம்மா?"

"நல்லா பேசுங்க சார்" என்றாள் அக்கா. "நாங்க எங்கயும் போகல."

அவர் எழுந்து நின்று, கையிலிருந்த தாள்களைக் கொழுந்தனிடம் நீட்டினார். "நான் அந்த வாளியை வாங்கி, சனத்துக்கு முன்னாடியே, என் தலையில கவிழ்த்துக்கிட்டேன்" என்றார்.